அங்கம்மாவின் ஒரே பயணம்

வடையில் ஒன்று குறைந்தது. வந்திருந்த பதினாறு பேருக்கு ஆளுக்கு இரண்டு என்று முப்பத்திரண்டு எண்ணி வைத்திருந்தான் தாஸிம். மேசைக்கு வந்தபோது தட்டில் முப்பத்தொன்றுதான் இருந்தது. "பாத்தீங்களா, அங்கம்மா கண..." என்று பழக்க தோஷத்தில் தொடங்கியவன், சுவரோரக் கதிரையில் உட்கார்ந்திருந்த அங்கம்மாவின் மகள் அனுஷியாவைக் கண்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டான். பிறகு அந்த ஒன்றைத் தின்றது தான்தான் என்று தானாகவே ஒப்புக்கொண்டான்.

ஐம்பத்தாறு வயது ஆளை, அதுவும் கட்டுகஸ்தோட்டையில் மாடிக் கட்டிடம் கட்டி இரும்புக்கடை வைத்திருப்பவரை, அவன் இவன் என்று சொல்வது முறையில்லைதான். என்ன செய்வது? அந்த மேல்மாடிப் படியேறிவிட்டால் அங்கே பெரிய மனிதர் என்று யாரும் கிடையாது. எண்பத்தைந்தாம் ஆண்டு சாதாரண தரப் பரீட்சை எழுதிய ஒரு வகுப்பு மட்டும்தான் உண்டு. வருஷத்தில் ஒரு நாள், தை மாதப் பௌர்ணமிப் போயா லீவில், கண்டியைச் சுற்றி மூலைக்கு ஒருவராகக் கிடக்கும் அந்த வகுப்பு தாஸிம் வீட்டில் கூடும். பத்து வருஷமாக நடக்கிறது.

'அங்கம்மா கணக்கு' என்பது அந்த வகுப்பின் சொந்தச் சொத்து. எண்ணிக்கை எங்கே பிசகினாலும், வேனுக்கு ஒரு ஆள் கூடினாலும், கேக் துண்டு ஒன்று குறைந்தாலும், அது அங்கம்மா கணக்கு. அந்த வருஷம் வகுப்பே சித்தியடைந்தது. கணிதத்தில் அங்கம்மா ஒருத்தி மட்டும் கவிழ்ந்தாள். கேலியைக் கேட்டு அவளும் சேர்ந்துதான் சிரிப்பாள், அதுவும் எல்லாரையும் விடப் பலமாக. சுந்தரி மட்டும் அந்த நேரம் பார்த்துத் தேத்தண்ணிக் கோப்பையைத் துடைக்கப் போய்விடுவாள். மூன்று வருஷத்துக்கு முன் ஐஸ்கிரீம் கோப்பை எண்ணும்போது அவள் வாயிலும் அந்தச் சொல் வந்து விழுந்துவிட்டது. அன்றைக்கு வீடு போன பிறகு அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இந்த வருஷம் அங்கம்மா இல்லை. வைகாசியில் ஒரு விடியற்காலை, தோட்டத்து வீட்டில், நித்திரையிலேயே போய்விட்டாள். வகுப்பில் அவளோடு ஒரே பெஞ்சில் இருந்தவள் சுந்தரி. சுந்தரிக்கு இன்று ஒரு வேலை இருந்தது.

அந்த வேலை என்னவென்றால் இதுதான். தபால் கந்தோரில் இருந்து ஓய்வு பெற்ற அழகமுத்துவிடம் அந்த வகுப்பின் பழைய வரவு இடாப்பு இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் குப்பை ஒதுக்கியபோது கேட்டு வாங்கி வந்தது. கூடும்போதெல்லாம் அவன் அதை விரித்து வரிசையாகப் பெயர் வாசிப்பான். டீச்சர் போய்ப் பதினெட்டு வருஷம். ஆனாலும் எல்லாரும் "உள்ளேன் டீச்சர்" என்றே சொல்வார்கள். முதல் வருஷம் 'அழகையா' என்ற பெயர் வந்தது. அழகையா அப்போது இறந்து இரண்டு மாதம். அழகமுத்து சிவப்புப் பேனையை எடுத்தான்.

"கோடு போடாதீங்க" என்று பின்னால் இருந்து சத்தம் போட்டவள் அங்கம்மா. "அந்தக் காலத்துல ஒருத்தன் வரலன்னா பக்கத்து ஆளு தானே உள்ளேன்னு சொல்லுவான்? இப்பவும் அப்படியே சொல்லட்டும். உச்சுக் கொட்டுறதுனால போனவங்களுக்கு என்ன வந்திச்சு? அவங்க எங்கயாச்சும் போய்ட்டு வந்த கதை ஒண்ணு இருக்குமில்ல, அதையும் பக்கத்து ஆளே சொல்லட்டும்."

அதிலிருந்து அதுவே சட்டம். பெயர் வாசித்து முடிந்ததும் ஆளுக்கொரு பயணம் சொல்ல வேண்டும். போனவர்களின் பயணத்தை பெஞ்சில் பக்கத்தில் இருந்தவர் சொல்ல வேண்டும். போனவரின் வீட்டாரைக் கேட்கக் கூப்பிட வேண்டும். ஊர் பெயர்களை அழகமுத்து இடாப்பின் கடைசிப் பக்கத்தில் குறித்துக்கொள்வான்.

சட்டம் போட்டவளுக்குச் சொல்ல ஒரு பயணமும் இருந்ததில்லை. தன் முறை வந்தால் அங்கம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒரே பதிலைத்தான் சொல்வாள். "எனக்கு வாழ்க்கையில ஒரே ஒரு பயணம்தான். கேக்க வேண்டிய ஆளு கேட்டா சொல்லுவேன்." தாஸிம் விசிலடிப்பான். ஏதோ காதல் கதை என்று எல்லாரும் ஆளாளுக்கு ஒரு பெயரை இழுப்பார்கள். சுந்தரி மட்டும் அந்த விளையாட்டில் சேரமாட்டாள். அது தனக்கு விடுகிற எச்சரிக்கை என்றே அவள் நினைத்தாள். ஒவ்வொரு தடவையும், 'இந்த வருஷமும் அங்கம்மா வாயைத் திறக்கவில்லை, தப்பினோம்' என்று நினைத்தபடி பஸ் ஏறுவாள்.

இனித் தப்புவதற்கு இல்லை. "அங்கம்மா" என்று அழகமுத்து வாசித்தபோது சுந்தரி எழுந்து நின்று "உள்ளேன் டீச்சர்" என்றாள். அனுஷியா அவளைப் பார்த்துச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்புத்தான் சுந்தரியைக் கொன்றது. அனுஷியா அங்கம்மாவின் ஒரே மகள். பிலிமத்தலாவையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறாள். பிள்ளையில்லாத சுந்தரியின் கணவர் இரண்டு வருஷத்துக்கு முன் பேராதனை ஆஸ்பத்திரியில் பதினேழு நாள் கிடந்தபோது, பள்ளிக்கூடம் விட்டு நேரே அங்கே வந்து நின்றவள் அவள்தான். அவர் போன பிறகு ஒரு ஞாயிறு தவறாமல் போன் எடுக்கிறாள். "ஆன்ட்டி, சாப்பிட்டீங்களா?" என்ற அந்த ஒரு கேள்விக்காகவே சுந்தரி ஞாயிற்றுக்கிழமைகளில் சமைத்தாள். இன்று உண்மையைச் சொன்னால் அந்தப் போன் வராமல் போகலாம். சொல்லாமல் விட்டால், அங்கம்மா போட்ட சட்டத்தை அங்கம்மா பெயரிலேயே உடைத்த பாவம் வந்து சேரும்.

பயணங்கள் தொடங்கின. நிரஞ்சனி மகளின் பிள்ளைப்பேற்றுக்குக் கனடா போய் மூன்று மாதம் இருந்து வந்தவள். "என்னத்தப் பாத்தேன்? இங்க உள்ள குசினியில இருந்து அங்க உள்ள குசினிக்குப் போனேன்" என்றாள். "ஆனா ஒண்ணு சொல்லணும். எங்க வீட்டுக்காரருக்கு நுவரெலியாவுக்குன்னு பின்னிக் குடுத்த சுவெட்டர், அவரு ஒரு தடவதான் போட்டாரு. அதப் போட்டுகிட்டுத்தான் பனியில நடந்தேன். கடைசியா அவர வெளிநாடு கூட்டிட்டுப் போயிட்டேன், போங்க." சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்தாள், பிறகு இன்னொரு வடை எடுத்தாள்.

தாஸிம் மக்காவுக்கு உம்ரா போய் வந்திருந்தான். "எனக்கு ஒண்டு செஞ்சேன், உம்மாட பேர்ல ஒண்டு செஞ்சேன். உம்மா ஹஜ்ஜுக்குன்னு உண்டியல்ல சேத்ததெல்லாம் என்ட ஸ்கூல் சப்பாத்துக்கும் கொப்பிக்கும் போன சாமான் தானே. அங்க நிண்டு, உம்மா, வந்துட்டோம்னு சொன்னேன். அல்ஹம்துலில்லாஹ், வேற என்ன சொல்ற?" எப்போதும் வாய் ஓயாதவன் அதோடு நிறுத்திக்கொண்டான். அழகமுத்து யாழ்ப்பாணம் போய் வெயிலில் கறுத்து வந்திருந்தான். அழகையாவுக்காக அவன் வழக்கம்போல பதுளை ரயிலில் இரண்டு பேரும் டிக்கட் இல்லாமல் கக்கூசில் ஒளிந்துபோன கதையைச் சொன்னான். பத்து வருஷமாக அதே கதைதான், ஒளிந்த நேரம் மட்டும் வருஷா வருஷம் கூடிக்கொண்டு போகிறது. அழகையாவின் மனைவி இந்த வருஷமும் முதல்முறை கேட்பவள் மாதிரியே சிரித்தாள்.

"அங்கம்மா" என்றான் அழகமுத்து, கடைசிப் பக்கத்தில் பேனையை வைத்தபடி. "சுந்தரி, நீங்கதான்."

சுந்தரி எழுந்தாள். பல்கனிக் கதவு திறந்திருந்தது. கீழே மகாவலிப் பாலத்தில் வாகனங்கள் ஊர்ந்துகொண்டிருந்தன. அவள் அதைக் கையால் காட்டினாள்.

"அங்கம்மாவோட நான் எங்கயும் போனதில்ல. அவ எனக்காக ஒரு இடத்துக்குப் போனா. அந்தா, அந்தப் பாலத்தத் தாண்டித்தான் இங்க வந்தா."

எல்லாரும் பாலத்தைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"எங்க வீடு அப்ப இந்தப் பக்கம்தான், மார்க்கட்டுக்குப் பின்னால. பரீட்சைக்கு முதல் நாளு எங்க அம்மா அனுமதி அட்டைய சாமித் தட்டுல வச்சி விபூதி போட்டு வச்சாங்க."

"யாரு வீட்லதான் வைக்கல?" என்றாள் நிரஞ்சனி.

"எல்லாரும் வச்சீங்க. எல்லாரும் எடுத்துட்டு வந்தீங்க. நான் விபூதிய மட்டும் பூசிகிட்டு வந்துட்டேன். கணக்கு பேப்பர் அன்னைக்கு. கண்டியில ஹோல் வாசல்ல போயி பையத் திறந்தா அட்டை இல்ல. மணி எட்டு. எட்டரைக்குப் பரீட்சை. எனக்கு இழுப்பு வந்திரிச்சு, மூச்சு விட முடியல. உங்க பரீட்சை சுட்டெண் எல்லாம் மத்த கட்டடத்துல. எங்க ரெண்டு பேருக்கும் மட்டும் இங்க. அங்கம்மாதான் பக்கத்துல நின்னா. பரீட்சை நடத்துற சேர்கிட்ட கெஞ்சி என்னய உள்ளுக்கு உக்கார வச்சா. அட்டை வந்தாத்தான் விடைத்தாள் எடுப்பேன்னாரு. நான் போய் எடுத்துட்டு வர்றேன், நீ எழுதுன்னு சொல்லிட்டு ஓடினா."

அனுஷியா இப்போது சிரிக்கவில்லை.

"திரும்பி வரும்போது ஒன்பது பத்து. நாப்பது நிமிஷம். பிந்தினாலும் உள்ளுக்கு விட்டாங்க, ஆனா நேரம் கூட்டிக் குடுக்கல. உங்க எல்லார்கிட்டயும் பஸ் லேட்டுன்னு சொன்னா. நான் பாசாகி முனிசிப்பல்ல கிளார்க்கா போய் முப்பத்தஞ்சு வருஷம் கதிரையில இருந்தேன். அவ அடுத்த வருஷம் எழுதலாம்னு இருந்தப்ப அவங்க அப்பா படுத்துட்டாரு, தோட்டத்துல கொழுந்து பறிக்கப் பேர் பதிஞ்சிட்டா. அப்புறம் பிள்ளைக் காம்பராவுல வேலைக்குப் போறவங்க பிள்ளைங்களப் பாத்தா. அங்கம்மா கணக்கு, அங்கம்மா கணக்குன்னு நாம சிரிச்சமே, அது அவ கணக்கு இல்ல. அது என்னோடது. நானும் ஒரு தடவ சொல்லிச் சிரிச்சேன்."

அவள் அனுஷியாவின் பக்கம் திரும்பினாள். "அனு, உங்க அம்மாவுக்குக் கணக்கு வராதுன்னு நீ நினைச்சுகிட்டு இருக்கே. அது பொய். நான் அவகிட்ட ஒரு நன்றி சொல்லல. எப்படிப் போனே, எப்படி வந்தேன்னுகூட ஒரு நாளும் கேக்கல. கேட்டா அந்த நாப்பது நிமிஷத்தப் பத்திப் பேசணுமேன்னு பயம். அட்டையக் குடுக்கும்போது அதோட மூலை ஈரமா இருந்திச்சு. வழியெல்லாம் அழுதுகிட்டு வந்திருக்கான்னு நினைச்சேன். நாப்பது வருஷமா அந்த ஈரம் என் கையில இருக்கும்மா."

அனுஷியா எழுந்து பல்கனிக்குப் போய்விட்டாள். முதுகு மட்டும் தெரிந்தது. தாஸிம் தரையைப் பார்த்தான். நிரஞ்சனி எழுந்து வந்து சுந்தரியைப் பிடித்து உட்கார வைத்தாள். சுந்தரி கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகள் போயின என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனாலும் நெஞ்சில் இருந்து ஒரு மூட்டை இறங்கியது மாதிரித்தான் இருந்தது. அதற்காக அவள் வெட்கப்பட்டாள்.

ஐந்து நிமிஷம் இருக்கும். அனுஷியா உள்ளே வந்தாள். கண் சிவந்திருந்தது. கதிரையை இழுத்து சுந்தரிக்கு நேரே போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"ஆன்ட்டி, ஒண்ணு கேக்கிறேன். அந்த அட்டையில விபூதி இருந்திச்சா?"

சுந்தரி யோசித்தாள். "இல்லியே. துடைச்சு விட்ட மாதிரி சுத்தமா இருந்திச்சு. ஈரம் மட்டுந்தான்."

அனுஷியாவுக்குச் சிரிப்பு வெடித்துக்கொண்டு வந்தது. அழுகையும் கூடவே வந்தது. "அது கண்ணீர் இல்ல ஆன்ட்டி. கன்னுக்குட்டி நக்கினது."

"என்ன கன்னுக்குட்டி?"

"எனக்குச் சின்ன வயசுல இருந்து அம்மா சொல்ற கதை இது. எதுக்குப் போனாங்க, யாருக்காகப் போனாங்கன்னு மட்டும் சொல்ல மாட்டாங்க. ஒரு ஆள உள்ள விடுறதுக்காகன்னு சொல்லுவாங்க, அவ்வளவுதான். கண்டியில பஸ் ஏறினாங்களாம். மஹியாவ ரயில் கடவையில கேட்ட மூடிட்டாங்க. ரயிலும் வரல, கேட்டும் திறக்கல. அம்மா குதிச்சு இறங்கி ஓட ஆரம்பிச்சாங்க. சப்பாத்தக் கழட்டிக் கையில புடிச்சுகிட்டு பாலம் வரைக்கும் ஓட்டம். வீட்டுக்கு வந்தா உங்க அம்மா குளிச்சுகிட்டு இருக்காங்க. சத்தம் குடுத்தா கேக்கல. அம்மா கழுவாத காலோட சாமி அறைக்குள்ள போயி, புள்ளையாரே, அப்புறம் கோவிச்சுக்க, இப்ப குடுன்னு சொல்லிட்டு எடுத்தாங்களாம்."

சுந்தரி வாயைப் பொத்திக்கொண்டாள். அன்று பின்னேரம் வீட்டுக்குப் போனபோது, யாரோ சாமித் தட்டைக் கலைத்துவிட்டார்கள் என்று அம்மா பூனையைத் திட்டிக்கொண்டிருந்தது அவளுக்கு நினைவு வந்தது.

"ரோட்டுக்கு வந்து நிக்கிறாங்க, ஒரு பஸ்ஸும் இல்ல. பச்சை ஜீப் ஒண்ணு வருது. மாட்டு டாக்டரோட ஜீப். அம்மா நடு ரோட்டுல கையத் தூக்கிகிட்டு நின்னுட்டாங்க. அந்த டாக்டர் மாத்தயா ஏசல. அட்டையக் காட்டின உடனே, 'நங்கி நகின்ன', தங்கச்சி ஏறுன்னு சொல்லி ஏத்திக்கிட்டாராம். பின்னால இடமில்ல, ஒரு கன்னுக்குட்டி படுத்திருக்கு. அதோட தலைய மடியில வச்சுகிட்டுத்தான் அம்மா வந்தாங்க. கடவையில திரும்பவும் கேட்ட மூடிட்டாங்க. அந்த நேரத்துல கன்னுக்குட்டி அட்டைய நக்கி விபூதி பூரா தின்னிருச்சு. அம்மா சிரிச்ச சிரிப்புல மாத்தயாவும் சிரிச்சிட்டாராம். அதுக்கு முந்தி பாலத்துல வரும்போது காத்து முகத்துல அடிச்சதச் சொல்லுவாங்க பாருங்க, நான் அப்ப ராணி மாதிரி இருந்தேன்டின்னு சொல்லுவாங்க. அதுக்குப் பிறகு எத்தனையோ வாகனத்துல போயிருக்காங்க, கல்யாணத்துக்குக் கார்லகூடப் போனாங்க. எதுவும் அந்த ஜீப் மாதிரி இல்லன்னு சொல்லுவாங்க."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்குக் கோவமே இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன் ஆன்ட்டி. என் ஹோம்வேர்க்க அடுப்படியில இருந்தே பாத்துட்டு, மூணாவது கணக்கு பிழைம்பாங்க. உனக்கென்னம்மா கணக்கு தெரியும்னு நான் சிரிச்சிருக்கேன். அத நினைச்சுத்தான் வெளிய போய் நின்னேன். ஆனா ஒண்ணு கேளுங்க. இந்தக் கதைய சொல்லி முடிக்கும்போதெல்லாம் அம்மா ஒரு குறை சொல்லுவாங்க. பரீட்சையப் பத்தி இல்ல. ஒரு நாளும் இல்ல. 'இத கேக்க வேண்டிய ஆளு கேக்கவே இல்லடி. அதான் உன்கிட்டச் சொல்றேன்'ம்பாங்க. அது யாருன்னு எனக்கு இன்னைக்குத்தான் தெரியும்."

சுந்தரிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது அவள் இரண்டு கையாலும் அனுஷியாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். பத்து வருஷம், வருஷத்துக்கு ஒரு தடவை, இந்த மாடியில் இருந்துகொண்டு அங்கம்மா அவளிடம் கேட்டுக்கொண்டிருந்தது அவ்வளவுதான். அவளைக் காட்டிக்கொடுக்கப் பார்க்கவில்லை. மன்னிப்பையும் நன்றியையும் எதிர்பார்க்கவில்லை. கன்றுக்குட்டிக் கதையைச் சொல்லிச் சிரிக்க ஆசைப்பட்டிருக்கிறாள். ஒரு வார்த்தை, எப்படிப் போனே என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும்.

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, வகுப்பில் பெஞ்சில் பக்கத்தில் இருப்பவளிடம் கேட்கிற மாதிரி, நாற்பது வருஷம் பிந்தி அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"பிறகு? ஜீப்புல இருந்து எங்க இறங்கினா?"

"வாசல்ல இல்ல. நேரா உள்ளுக்கே வந்துட்டாராம் மாத்தயா. காவல்காரர் கன்னுக்குட்டியப் பாத்துட்டு கேட்டத் திறந்திட்டாரு, ஏதோ அரசாங்க விஷயம்னு."

தாஸிம்தான் முதலில் சிரித்தான். பிறகு அழகையாவின் மனைவி, பிறகு எல்லாரும். சுந்தரி கண்ணைத் துடைக்கத் துடைக்கச் சிரித்தாள். "அங்கம்மா கணக்குன்னா இனி இதுதான்" என்றான் தாஸிம். "ஒரு ஆளுக்காகப் போனா, ஒரு கன்னுக்குட்டியும் சேந்து வரும்." யாரும் அவனை அதட்டவில்லை.

அழகமுத்து இடாப்பின் கடைசிப் பக்கத்தில் எழுதத் தொடங்கினான். கனடா, மக்கா, யாழ்ப்பாணம், பதுளை என்று வந்த வரிசையில் அடுத்த வரியில் 'அங்கம்மா: கண்டி, கட்டுகஸ்தோட்டை, கண்டி' என்று எழுதிவிட்டு நிமிர்ந்தான்.

"கேட்ட ஆளுன்னு என் பேரையும் போடுங்க" என்றாள் சுந்தரி.

வெளியில் மழை தூறத் தொடங்கியிருந்தது. அனுஷியா பையில் இருந்து குடையை எடுத்தாள். "ஆன்ட்டி, நானும் கண்டிப் பக்கம்தான். ஒரே பஸ்ல போவோம். அம்மா ஓடின தூரத்தக் காட்டுறேன், வாங்க" என்றாள்.